மாத்திரை தொடாத மகான்

எங்கள் தெருவில் எனக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. இத்தனை வருஷமாக இடுப்பு வலியோடு குடித்தனம் நடத்துகிறார், ஆனால் கடுமையான மாத்திரை எதையும் தொட்டதில்லை, எல்லாம் நடை, உடற்பயிற்சி, மன உறுதி என்று புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாலு பேர் பேசிக்கொள்கிறார்கள். அந்த நாலு பேரிடமும் அப்படிச் சொல்லி வைத்தது நான்தான். கேட்பவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வருவதைப் பார்த்து ருசி கண்டுவிட்டதால், போன பொங்கலுக்குக் குடியிருப்போர் சங்க விழாவில் ‘மருந்தில்லா வாழ்வு’ என்று பத்து நிமிஷம் பேசவும் ஒப்புக்கொண்டேன். பேசிவிட்டு மேடைப் படியில் இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கி விட்டார்கள். கைதட்டல் அப்போதுதான் பலமாக விழுந்தது.

அந்தப் பெயர் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணம் என் மன உறுதி இல்லை, காமராஜர் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு மருந்துக்கடைக்காரரின் மன உறுதி.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவருக்கு ஆபரேஷன் ஆனபோது டிரமடால் கொடுத்திருக்கிறார்கள். “அது ஒண்ணு போட்டா வலியே தெரியாது சார்” என்றார். அந்த ஒற்றை வாக்கியத்தை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொண்டு சாயங்காலமே கடைக்குப் போய்விட்டேன்.

“டிரமடால் ஒரு அட்டை குடுங்க.”

“சீட்டு இருக்கா சார்?”

“வீட்ல இருக்கு.”

“எடுத்துக்கிட்டு வந்துடுங்க.”

“டாக்டர் வாயாலதான் சொன்னாரு.”

வீட்டில் இருந்த சீட்டு அரை நிமிஷத்தில் டாக்டர் வாய்க்கு இடம் மாறியதை அவர் கவனித்துவிட்டார். “சார், இது போதைப்பொருள் சட்டத்துல வந்துடுச்சு. சீட்டு இல்லாம குடுத்தா எனக்குத்தான் பூட்டு” என்றார். உண்மைதான். 2018 ஏப்ரலில் டிரமடாலை 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்ப வெட்கமாக இருந்ததால் ஒரு தைல டப்பா வாங்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தவர் எங்கள் தெருக்காரர். பேச்சின் கடைசிப் பகுதிதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. “இவ்வளவு வலியிலயும் வெறும் தைலத்தோட நிறுத்திக்கிறீங்களே சார்” என்றார். நான் மறுக்கவில்லை. மகான்கள் இப்படித்தான் உருவாகிறார்கள் போலும்.

‘தொட்டதில்லை’ என்பதும் முழுப் பொய். தொட்டேன். அதுவும் பாரிஸிலிருந்து விமானத்தில் வந்ததைத் தொட்டேன்.

பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் விறைப்பாக நிற்பார்களே, அவர்கள்தான். எங்கள் தெருக் கோடியில் ஒருவர் இருக்கிறார். எனக்கு உறவு இல்லை, ஆனாலும் மாமா. வயதில் என்னைவிட இருபது கூடுதல், முதுகு மட்டும் இருபது குறைவு. அவருடைய மகள் பாரிஸ் பக்கத்திலிருந்து வரும்போதெல்லாம் பாலாடைக்கட்டி, சோப்பு, சாக்லேட்டோடு ஒரு மருந்துப் பையும் வரும். டோலிப்ரான் மாத்திரைக்கு எங்கள் ஊர் பிரெஞ்சுக் குடும்பங்களில் இருக்கும் மதிப்பைப் பார்த்தால், உள்ளே இருப்பது நம்மூர்ப் பெட்டிக்கடையில் கிடைக்கும் அதே பாராசிட்டமால்தான் என்று சொல்ல மனசு வராது.

மாமா எனக்கு எடுத்துக் கொடுத்தது அது இல்லை. மகளுக்குப் பல் பிடுங்கியபோது கொடுத்ததில் மிச்சம், பாராசிட்டமாலோடு கோடீன் கலந்தது. “பிரான்ஸ் மாத்திரை தம்பி, கேக்கும்” என்றார். கோடீன் அபின் செடி வழி வந்த சரக்கு. ஈரலுக்குப் போனதும் அதில் ஒரு பங்கு மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்கிறது. பிரான்ஸிலும் 2017 ஜூலையிலிருந்து டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பதை நிறுத்திவிட்டார்கள். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

போட்டேன். வலி போனதா என்றால், வலி இருந்த இடத்திலேயே இருந்தது, நான்தான் இல்லை. அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை எனக்கு. ஒரு வாடிக்கையாளர் வாங்கியிருந்த வங்கிக் கடனை வருமானப் பக்கத்தில் ஏற்றி, அவரை ஒரு மத்தியானம் முழுக்கக் கோடீஸ்வரராக வைத்திருந்தேன். அது பரவாயில்லை. இந்த வகை மாத்திரைகள் குடலையும் தூங்கவைத்துவிடும் என்று மாமா சொல்லவில்லை. பப்பாளி, இசப்கோல், வெந்நீர் என்று எல்லாம் பார்த்தும் அசையவில்லை. கடைசியில் முக்கிய முக்கில் இடுப்பு இன்னொரு முறை பிடித்துக்கொண்டது. இடுப்புக்காகப் போட்ட மாத்திரையால் கழிவறைக்குள்ளிருந்து “ஏம்மா, கொஞ்சம் கையைப் பிடி” என்று மனைவியைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

இந்தத் தியாகமெல்லாம் செய்து பெற வேண்டிய பலன்தான் என்ன என்று பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில், அதாவது அவர்களூர்ச் சொல்தாக்களிடம், ஒரு சோதனை நடத்தி 2018-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நாள்பட்ட முதுகு வலி, இடுப்பு மூட்டு, முழங்கால் தேய்மான வலி உள்ள 240 பேர். பாதிப் பேருக்கு அபின் குடும்பத்து மருந்துகள், பாதிப் பேருக்குச் சாதாரண வலி மருந்துகள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், அன்றாட வேலை செய்யும் திறனில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமில்லை. வலியின் அளவில் சாதாரண மருந்து சாப்பிட்டவர்கள் ஒரு மாற்றுக் குறைவாகவே இருந்தார்கள். பக்கவிளைவு அபின் பக்கம்தான் அதிகம். அதை நான் படிக்காமலே நிரூபித்திருந்தேன்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் துடிப்பவர்களுக்கு மார்ஃபின் மாதிரி வேறொன்று இல்லை. 1985 சட்டத்தின் கெடுபிடியில் அந்த நோயாளிகளுக்கே அது கிடைக்காமல் போன கொடுமை நம் நாட்டில் பல வருஷம் நடந்தது. திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியாவை 2003-இல் தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் விடாமல் போராடி, 2014-இல் சட்டத்தைத் திருத்தவைத்துக் கொஞ்சம் வழி செய்தார்கள். டாக்டர் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார் என்றால் அதைத் தானாக நிறுத்துவதும் தப்பு, அவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவில், நாற்காலியில் கோணலாக உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்ட ஓர் ஆள் “வீட்ல இருக்கு” என்று சொல்லி நுழையப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஊர் என்பதால் அடுத்த வைத்தியத்தை நான் சொல்லாமலே நீங்கள் ஊகித்திருப்பீர்கள். விழுப்புரத்திலிருந்து சித்தப்பா மகன் வருவான். இடுப்பு விசாரிக்க வருவதாகச் சொல்வான். எந்தக் கடையில் எந்தச் சரக்கு என்று விலையோடு தெரிந்து வைத்திருப்பான். “ரெண்டு ரவுண்டு போடுண்ணே, நரம்பெல்லாம் தளந்து குடுத்துடும்.” தளர்ந்து கொடுத்தது உண்மை. தளர்ந்து கொடுத்த நரம்போடு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். காலையில் நாற்காலியின் வடிவத்தில் எழுந்தேன். கோடீன் அட்டை அதற்கு முன்பே தீர்ந்திருந்தது என் நல்ல காலம். அந்த மாத்திரையும் மதுவும் உடம்பில் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சையே அமுக்கிவிடக்கூடும். இதைச் சொன்னதிலிருந்து தம்பி இடுப்பு விசாரிப்பதில்லை, நேராகக் கடைக்கே போய்விடுகிறான்.

டைக்ளோஃபெனாக் பற்றித் தனியாகவே எழுதலாம். இது அபின் குடும்பம் இல்லை. ஆனால் “ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்” என்று நம் ஆட்கள் கேட்கும்போது பெரும்பாலும் ஏறுவது இதுதான். சில நாளைக்கு டாக்டர் சொல்லிப் போட்டால் உதவும். மாசக்கணக்கில் போனால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு. நான் இதை மளிகைச் சாமான் பட்டியலில் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தேன், மாத்திரை, களிம்பு இரண்டுமாக. பாறுக் கழுகுகளின் கதையைப் படித்த பிறகுதான் பட்டியலிலிருந்து அடித்தேன். மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், அவை செத்தபின் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைத் தாக்கி, இந்தியாவில் அந்த இனத்தையே கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது. 2006-இல் கால்நடைகளுக்குத் தடை வந்தது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட ஆரம்பித்தார்கள். அதனால் 2015-இல் புட்டியின் அளவையே 3 மில்லிக்குள் நிறுத்தினார்கள். நான் செத்தால் என் இடுப்புப் பக்கத்தை எந்தப் பறவைக்கும் போடாதீர்கள் என்று மனைவியிடம் சொன்னேன். “உயிரோட இருக்கிறப்பவே யாருக்கும் பிரயோஜனம் இல்லையே” என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வலி இருந்த நாட்களைவிட வலி இருப்பதாகச் சொன்ன நாட்கள் அதிகம். தண்ணீர்க் கேன் வந்தால் வலிக்கும். கேஸ் சிலிண்டர் மாற்ற வேண்டுமென்றால் வலி கால்வரை இறங்கும். மூன்றாம் மாடியில் இருக்கும் மனைவியின் சித்தி வீட்டுக்குப் போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் அசையவே முடியாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் சித்தி வீட்டுக்குப் போனாள். திரும்பும் வழியில் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலுக்குள் தலையை விட்டுக் குனிந்திருந்த ஒரு முதுகைப் பார்த்திருக்கிறாள். சட்டை தெரிந்த சட்டை.

“புஸ்தகத்துக்கு மட்டும் எப்படிங்க குனிய முடியுது?”

இதற்கு அன்று பதில் இல்லை. பிறகு படித்ததில் தெரிந்தது, அதுவும் பொய்யில்லையாம். பயமும் கவனமும் வலியை ஏற்றி இறக்கும். நாள்பட்ட வலியின் அளவு வேறு, உள்ளே இருக்கும் சேதத்தின் அளவு வேறு. இந்த விஞ்ஞானத்தை மனைவியிடம் விளக்கினேன். “அப்ப சிலிண்டரையும் புஸ்தகமா நெனச்சுத் தூக்குங்க” என்று சொல்லிவிட்டாள்.

சேதம் என்றதும் என் எம்ஆர்ஐ படம் நினைவுக்கு வருகிறது. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் காட்டுவேன். கல்யாண மண்டபத்தில் டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, “எல் ஃபோர், எல் ஃபைவ். தட்டு பிதுங்கியிருக்கு பாருங்க” என்பேன். சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் தன் போனை எடுத்து, “எனக்கு எல் ஃபைவ், எஸ் ஒன்னும் சேத்து” என்று காட்டினார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1994-இல் வந்தது. அவர்களில் 36 சதவீதம் பேருக்குத்தான் எல்லாத் தட்டுகளும் ஒழுங்காக இருந்தன. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு தட்டாவது பிதுங்கியிருந்தது, அது தெரியாமல் அவர்கள்பாட்டுக்குச் சிலிண்டர் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சட்டம் போடாமல் வைத்திருந்த அந்தப் படம், என் வயதில் நடைபாதையில் போகிற யாரை எடுத்தாலும் வந்திருக்கக் கூடியதுதான்.

படுக்கையிலும் தோற்றிருக்கிறேன். முதலில் லீவு போட்டுவிட்டுப் படுத்தேன். வார இதழ்கள், டிவி ரிமோட், கை எட்டும் தூரத்தில் முறுக்கு டப்பா. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களை வைத்து 1995-இல் ஒரு சோதனை நடந்திருக்கிறது. திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டவர்களில் சிலரைப் படுக்கச் சொன்னார்கள், சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், மீதிப் பேரிடம் முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேலையைப் பார்த்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். படுத்தவர்கள் கடைசி. ஓர் அரசாங்க ஊழியரை ஓய்வெடுக்கச் சொன்னாலும் கெடுதல்தான் என்று பின்லாந்தே கண்டுபிடித்துவிட்டது என மேலதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள். படுக்கை மெத்தென்றிருப்பதுதான் தப்பு என்று அடுத்து முடிவுகட்டி, கோரைப்பாயில் படுத்தேன். பாயிலிருந்து எழுவதற்கே ஒரு காலை தேவைப்பட்டது. பிறகு கடையிலேயே மிகக் கெட்டியான தேங்காய்நார் மெத்தையை வாங்கினேன். அது வீட்டுக்கு வந்த பிறகுதான், நாள்பட்ட இடுப்பு வலிக்கு மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையே மேல் என்று ஸ்பெயினில் 313 பேரிடம் பார்த்து 2003-இல் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்த மெத்தை இப்போது என் மச்சான் வீட்டில் இருக்கிறது. அவனுக்கு இதுவரை இடுப்பு வலி இருந்ததில்லை. பார்ப்போம்.

கடைசியில் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். எங்கே என்று சொல்லப்போவதில்லை, அந்தப் பெண்ணுக்கு என்னால் கெட்ட பெயர் வரக் கூடாது. என் மகள் வயது. முதலில் வரிசையாகக் கேட்டார். ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவது கட்டுப்பாட்டில் இருக்கிறதா? உட்காரும் இடத்தில், மறைவிடத்தில் மரத்துப்போகிறதா? கால் பலமில்லாமல் மடங்குகிறதா? காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்தது, முன்பு புற்றுநோய்? இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் பயிற்சியும் கிடையாது தைலமும் கிடையாது, உடனே ஆஸ்பத்திரி என்றார். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்லச் சொல்ல எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எம்ஆர்ஐ உறையை மடியில் தயாராக வைத்திருந்தேன். வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். “நல்ல விஷயம் சார். உங்களுக்குச் சாதாரண வலிதான்.”

இத்தனை வருஷம் என்னை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை.

ஒரு தாளில் பயிற்சிகளைப் படம் போட்டுக் கொடுத்தார். கையையும் முழங்காலையும் ஊன்றி முதுகைப் பூனைபோல் வளைப்பது, மல்லாந்து படுத்து இடுப்பைப் பாலமாகத் தூக்குவது, குப்புறப் படுத்து நெஞ்சை நிமிர்த்துவது. கூடவே ஒரு நோட்டு. தினமும் எவ்வளவு நேரம் செய்தேன், எவ்வளவு நடந்தேன், வலி பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். தாளைப் பீரோ கதவில் ஒட்டினேன். ஒட்டிய அன்று வேலை முடிந்துவிட்ட திருப்தி வந்துவிட்டது. அடுத்த வாரம் மனைவி அந்தக் கதவில் துண்டு காயப்போட்டாள். துண்டை எடுத்துப் படத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி அவரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி நோட்டைத் திறந்தேன். வெள்ளையாக இருந்தது. கணக்கெழுதுகிறவனுக்கு இது ஒரு பிரச்சினையா? மூன்று பேனா எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீலத்தில் கொஞ்சம், கறுப்பில் கொஞ்சம், ஓரிடத்தில் மை தீர்ந்து பென்சிலுக்கு மாறியதாக ஒரு நம்பகத்தன்மை. வலி ஏழில் தொடங்கி மெல்ல இறங்கியது. நடுவில் ஒரு நாள் எட்டுக்கு ஏற்றி, பக்கத்தில் ‘பஸ் பயணம்’ என்று எழுதினேன். அந்தப் பயணத்துக்கு டிக்கெட் மட்டும்தான் ஒட்டவில்லை. எழுதி முடித்து எழுந்தால் எழ முடியவில்லை, அவ்வளவு நேரம் ஒரே மாதிரி குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். நோட்டில் அன்றைய வலி நாலு. உடம்பில் ஒன்பது.

அந்தப் பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். “ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்க சார். எங்க, செஞ்சு காட்டுங்க.”

படுத்தேன். பாலம் நினைவுக்கு வந்தது, அடுத்தது வரவில்லை. பள்ளிக்கூட டிரில் பீரியடில் செய்த எதையோ, டிவியில் பார்த்த ஓர் ஆசனத்தின் முற்பகுதியோடு சேர்த்துச் செய்தேன். ஒரு காலைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தி, இறக்குவதா வேண்டாமா என்ற யோசனையில் இருந்தபோது அவர் என் தலைமாட்டில் வந்து நின்றார்.

“இது எங்க தாள்ல இல்லையே சார்.”

“நானே கொஞ்சம் சேத்துக்கிட்டேன்மா.”

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தாளை வாங்கி இரண்டு பயிற்சிகளை அடித்துவிட்டு, ஒன்றை மட்டும் விட்டார். அதையும் காலையில் காப்பி கொதிக்கிற நேரத்துக்குள் செய்தால் போதும் என்றார். “மீதி நேரத்துக்கு நடங்க. பீச் ரோட்ல சாயங்காலம் வண்டியே விட மாட்டாங்க, அதுக்கு மேல என்ன வேணும்?” ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரிடம் நடத்திய சோதனை ஒன்றையும் சொன்னார். 2024-இல் வெளிவந்தது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி படிப்படியாக நடையைக் கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாளாயிற்று. அந்தப் பயிற்சி இல்லாதவர்களுக்கு 112 நாள். இலக்கும் பெரிதில்லை, வாரத்தில் ஐந்து நாள், ஆறு மாசத்துக்குள் அரை மணி நேரம் என்ற அளவுக்கு வந்துவிட வேண்டும்.

நடக்கிறேன். டூப்ளெக்ஸ் சிலையில் ஆரம்பித்துக் காந்தி சிலை தாண்டி வடக்குக் கோடிவரை போனால் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். நான் ஆரம்பிப்பதென்னவோ டூப்ளெக்ஸ் சிலையில்தான். லெ கஃபே வரும்போது அந்தப் பெண் சொன்ன ‘படிப்படியாக’ என்பது ஞாபகம் வரும். எதிரே வருகிறவர்கள் வணக்கம் வைத்தால் நின்று பேசுவேன், அதிலும் இடுப்பு வலி உள்ளவர்கள் கிடைத்தால் நடையே அன்று அவ்வளவுதான். சுண்டல் வண்டிக்காரருக்கு நான் வருகிற நேரம் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் வலி குறைந்திருக்கிறது என்பதுதான் எனக்கே ஆச்சரியம். போகவில்லை. குறைந்திருக்கிறது. காலையில் செருப்பு மாட்டும்போது எட்டிப் பார்க்கும், நாற்காலியில் அதிக நேரம் உட்கார்ந்தால் வந்து நிற்கும். எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் பெரும்பாலும் போய்விடும். களிம்பு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, வெந்நீர் ஒத்தடம் அதைவிடச் சுகம் என்பதால் எட்டி எடுக்கத் தோன்றுவதில்லை.

இப்படி நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் சொல்தா மாமா என்னைப் பெத்தாங்க் ஆடக் கூப்பிட்டார். மாத்திரை கொடுத்து என்னைக் கழிவறையில் உட்காரவைத்ததற்குப் பரிகாரமாக இருக்கலாம். மண் தரையில் ஒரு சின்ன மரக்குண்டு, அதற்கு எவ்வளவு கிட்டத்தில் நம் இரும்புக் குண்டை வீசுகிறோம் என்பதுதான் ஆட்டம். பிரான்ஸின் தெற்கே, லா சியோத்தா என்ற ஊரில் பிறந்தது. அதற்கு முன்பிருந்த ஆட்டத்தில் ஓடிவந்து குண்டை வீச வேண்டும். ஷூல் லெனுவார் என்ற ஆட்டக்காரருக்கு வாதத்தால் ஓட முடியாமல் போனது. ஊர்க்காரர் எர்னெஸ்ட் பிட்டியோ அவருக்காகவே, நின்ற இடத்தில் நின்று வீசலாம் என்று விதியை மாற்றினார். 1910-இல் அந்தப் புது ஆட்டத்துக்கு முதல் போட்டியும் நடந்தது. இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலிக்காரன் ஒருவனுக்காக ஊரே விதியை மாற்றியிருக்கிறது, என் வீட்டில் சிலிண்டர் விதியைக்கூட மாற்ற மாட்டேனென்கிறார்கள்.

குண்டு ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின். வீசுவதில் கஷ்டமில்லை, பொறுக்குவதில்தான் குனிய வேண்டும். குனிய முடியாத வயசாளிகளுக்கென்று கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்று விற்கிறது, நின்றபடியே தொங்கவிட்டு இரும்புக் குண்டைத் தூக்கிக்கொள்ளலாம். அன்று களத்தில் இருந்தவர்களில் ஒரே ஒருவரிடம்தான் அது இருந்தது. எண்பதைத் தாண்டியவர், சட்டைப் பையில் சுருட்டி வைத்திருந்தார், அவசரத்துக்கு மட்டும் எடுப்பார். அவரிடம் போய், “ஐயா, கொஞ்சம் அந்தக் காந்தத்தைக் குடுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் கொடுத்துவிட்டுத் தன் குண்டைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் மாமா காந்தத்தை வாங்கி உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். “முட்டியை மடக்கு தம்பி, முதுகை விட்டுடு. பட்டாளத்துல சொல்லிக் குடுத்தது.” மடக்கினேன். முட்டியில் சத்தம் வந்தது, இடுப்பிலிருந்து வரவில்லை. பிசியோதெரபிப் பெண்ணிடம் சொன்னபோது, இதையும் நோட்டில் எழுதுங்கள் என்றார். இந்த வரியை மட்டும் நடந்த அன்றே எழுதினேன்.

ஆட்டம் 13 புள்ளிக்கு. மாமாவும் நானும் ஒரு கட்சி. போன ஞாயிற்றுக்கிழமை எதிர்க் கட்சியில் காந்தக்காரர் தனியாக நின்றார். 13–2 என்று தோற்றோம். அந்த இரண்டும் என்னுடைய வீச்சில் வந்தவை என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் அடுத்த வாரம்தான் என்பதைச் சொல்லவில்லை.